ஹெலானா அக்கா வீட்டில் இரண்டு நோன்பு

ஹெலானா அக்காவை நான் முதலில் பார்த்தபோது அவர் மொட்டை மாடியில் குந்தி உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு வாத்தை இடுக்கிக்கொண்டு, அதன் அலகைப் பிளந்து ஊறவைத்த மக்காச்சோளத்தைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். வாத்து திமிறியது. அவர் அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"முழுங்குடா ராசா. உன் நல்லதுக்கா ஊட்டுறேன்? என் நல்லதுக்குத்தான்."

நான் வாடகைக்கு அறை தேடி வந்திருந்தேன். கெய்ரோவில் ஷூப்ரா பகுதியில் எனக்கு விதை அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. கட்டடக் காவலாளி என்னை ஐந்து மாடி ஏற்றிக் கூட்டிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "இதான் ரூம்பு. பக்கத்துல வாத்து இருக்கும். வாடை ஒத்துக்குமா?" என்று கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் அக்கா தலையைத் தூக்கினார்.

"யாரு இது?"

"புது ஆளும்மா. இன்ஜினியரு."

"என்ன இன்ஜினியரு?"

"வேளாண்மை," என்றேன். வேளாண்மைப் படிப்பு முடித்தவனையும் எங்கள் நாட்டில் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. யார் கேட்டாலும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுவேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

"அப்ப சரி. வாத்து கொத்துனா மருந்து தெரியும்."

"அது கால்நடை டாக்டருக்குத்தான் தெரியும்க்கா."

அவர் வாத்தை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சைக் கேட்டா நம்ம தெக்கத்தி ஆளு மாதிரி இருக்கே. எந்த ஊரு?"

"மின்யா பக்கம் ஒரு கிராமம்."

"நான் தஹ்தா. உன்னவிடத் தெக்கு." காவலாளியைப் பார்த்து, "இவனுக்கு வாடை ஒத்துக்கும். சாவியக் குடு" என்றார். நான் ஒன்றும் சொல்லாமலேயே அறை முடிவாகிவிட்டது.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அவருடைய கதை எனக்கு ஒரேயடியாகத் தெரியவில்லை. வாத்துக்குத் தண்ணீர் மாற்ற வரும்போதும், துணி காயப்போட வரும்போதும் துண்டு துண்டாகச் சொன்னார். இருபது வருடம் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் காலர் தைத்தவர். காலர் மட்டும். முழுச் சட்டையை ஒருநாளும் தைத்ததில்லை. "சட்டை எப்படி இருக்கும்னு பசங்க போட்டுட்டுப் போறப்பத்தான் பாப்பேன்" என்பார். நாற்பத்திரண்டு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா போனதும் தனியாக இருந்தார். கோவில் பாதிரியார் ஒருநாள் கூப்பிட்டு, லபீப் என்று ஒருவர் இருக்கிறார், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நல்ல மனிதர் என்று சொல்லியிருக்கிறார்.

"நல்ல மனுஷரு, சரி. வேற என்ன குறைன்னு கேட்டேன். சாமியாரு யோசிச்சிட்டு, குறட்டை விடுவாருன்னாரு. அதுக்குப் பரவால்லன்னு சொல்லிட்டேன். மகள் இருக்குதுன்னு சொன்னாரு. அதையும் பரவால்லன்னுதான் சொன்னேன்."

மகள் பெயர் நிவீன். அப்பாவின் இரண்டாம் கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குக் கல்யாணம் முடிந்து, தாந்தா நகரில் கணவன் எமிலோடு இருந்தாள். அவள் சண்டை போடவில்லை, கத்தவில்லை. கல்யாணத்துக்கு வந்தாள், பூங்கொத்துக் கொடுத்தாள், போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அவளுக்குப் பேறுகாலம் வந்தபோது அக்கா கோழி சமைத்து எடுத்துக்கொண்டு தாந்தாவுக்குப் போனார். நிவீன் நன்றி சொன்னாள். ஆனால் ஹெலானா என்றோ, சித்தி என்றோ, அத்தை என்றோ ஒரு வார்த்தை வைத்துக் கூப்பிட்டதில்லை. "தண்ணி வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். யாராவது எழுந்து கொண்டுவருவார்கள். பெரும்பாலும் அக்காதான்.

வீட்டுக் கூடத்தில் நிவீனின் அம்மா ராகாவின் படம் இருந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பார். "இந்த அம்மா என்னைப் பாத்துட்டே இருக்கு. தூசியோட பாத்தா கண்ணு வலிக்காதா?" என்று கேட்டார் ஒருமுறை.

நான் சொல்ல வந்தது அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்தைப் பற்றி.

எகிப்துக் கிறிஸ்தவர்களான எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. அதற்கு முன் ஆறு வாரத்துக்கு மேல் ஒருசந்தி: இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. கடலை, பருப்பு, எண்ணெயில் செய்த கத்தரிக்காய், எப்போதாவது மீன். ஆறாம் தேதி இரவு பூசையில் நற்கருணை வாங்கி வீடு திரும்பிய பிறகுதான் நாக்கில் நெய் படலாம். அதனால் விருந்து முழுவதையும் அன்று பகலிலேயே சமைத்து வைக்கவேண்டும். வாத்து வெந்துகொண்டிருக்கும், நெய்யில் வெங்காயம் சிவந்துகொண்டிருக்கும், சமைக்கிறவளின் வயிறு காய்ந்துகிடக்கும். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. உப்பு சரியா, புளிப்பு சரியா என்று யார் சொல்வது?

எங்கள் கட்டடத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. எதிர்வீட்டு ஹாஜியம்மா இனாயத். ராகா காலத்திலிருந்தே கிறிஸ்துமஸ் முன்தினம் மத்தியானம் அவர் ஒரு கரண்டியோடு வருவார். சாற்றைக் குடித்துப் பார்ப்பார், உப்பு ஜாடியில் கையை விடுவார், ஒரு பிடி போடுவார், கிண்டுவார், மறுபடி குடிப்பார். அவர் வரும்வரை பானையில் ஒரு கல் உப்புகூட விழாது. பதிலுக்கு ரமலான் மாதத்தில் அவர் வீட்டுக் குழம்பை ராகா ருசி பார்ப்பார். ஹெலானா அக்கா புதுப்பெண்ணாக வந்த முதல் கிறிஸ்துமஸில் யாரும் கூப்பிடாமலேயே ஹாஜியம்மா கரண்டியோடு வந்து நின்றாராம்.

"நீ யாரா வேணா இரு புள்ள. இந்த வீட்டு உப்பு என் பொறுப்பு."

"எடுத்துக்கங்க. எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றாராம் அக்கா. அன்றிலிருந்து இருவரும் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே கூட்டாளிகள்.

அந்த வருடம்தான் ரமலான் வந்து எங்கள் ஒருசந்திமேல் விழுந்தது. தெருவில் ஒரு பக்கம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அதே கம்பியில் ரமலான் விளக்கு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது மாடியில் இரண்டு வீட்டிலும் ருசி பார்க்க ஆள் இல்லை.

"நுனி நாக்குல வெச்சுத் துப்பிட்டா நோன்பு முறியாதாமே?" என்று அக்கா கேட்டார். நாங்கள் மூவரும் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தோம்.

"அதெல்லாம் சொல்றாங்க. என் நுனி நாக்கை எனக்குத் தெரியும். அது துப்பாது" என்றார் ஹாஜியம்மா. "நீ ஒண்ணு செய். உப்புப் போடாம வெச்சிரு. பாங்கு சொன்னதும் ஒரு வாய் ஜூஸ் குடிச்சிட்டு ஓடி வரேன். நீ கோவிலுக்குக் கிளம்புறதுக்குள்ள முடிச்சிரலாம்."

"மறந்துர மாட்டீங்களே?"

"உன் வாத்து வாசனை நாள் பூரா என் மூக்குல ஏறப்போவுது. எங்க மறக்குறது?"

இதில் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அக்கா அந்த வாரம் முழுவதும் சரியாகவே இல்லை. வாத்துக்கு ஊட்டும்போதுகூடப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள் மாடியில் அவராகவே சொன்னார்.

"நிவீன் வருதாம்."

"நல்ல விஷயம்தானே அக்கா."

"போன்ல அப்பாகிட்ட என்ன சொல்லிச்சு தெரியுமா? இந்த ஒரு வருஷம் வரேன், அம்மா இல்லாத வீட்டுல பண்டிகை எப்படி இருக்குன்னு பாக்குறேன், மனசுக்கு ஒப்பலேன்னா அடுத்த வருஷத்துலருந்து நீங்க தாந்தாவுக்கு வந்துருங்கப்பான்னு சொல்லிச்சு. நீங்கன்னா அவரு. அவரு மட்டும்."

"ஐயா என்ன சொன்னாரு?"

"அவரா? ரயில்ல கூட்டமா இருக்கும், பாத்து வாம்மான்னாரு." அக்கா வாத்தின் கழுத்தைத் தடவிவிட்டார். "மகளையும் பேரப்பிள்ளையையும் பாக்காம அவரால எத்தனை பண்டிகை இருக்க முடியும்? போயிருவாரு. போகணும்தான். நான் ஒருத்தி இங்க உக்காந்து ஒரு முழு வாத்தைத் தின்னுட்டு இருப்பேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆறாம் தேதி எனக்கு விடுமுறை. ஊருக்குப் போகமுடியாத நிலை. விருந்துக்கு அக்கா என்னையும் அழைத்திருந்தார். சும்மா வந்து உட்கார்ந்து சாப்பிட மனசில்லாமல் காலையிலேயே கீழே போனேன். என்னை ஒரு கிண்ணம் பூண்டின் முன்னால் உட்காரவைத்தார்.

அடுப்படியில் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் கூடத்துக்குப் போகவேண்டும். அந்தச் சின்ன இடத்தில் அவர் செய்ததைப் பார்த்தபோது பட்டறையில் காலர் மட்டும் தைத்தவர் என்று நம்பமுடியவில்லை. பெரிய பானையில் மாட்டு முன்னங்கால் இறைச்சி, வெங்காயம், ஏலக்காய், பிரிஞ்சி இலையோடு கொதித்தது. இன்னொன்றில் இரண்டு வாத்துகள். அரிசி அடைத்த குடல் பாம்பு மாதிரி சுருண்டு தட்டில் கிடந்தது. அப்பளம் போலிருக்கும் ருகாக் தகடுகளை ஒவ்வொன்றாக கொதிக்கும் சாற்றில் முக்கி எடுத்து, நெய் தடவிய தட்டில் அடுக்கி, நடுவில் கொத்துக்கறி பரப்பி, மேலே மறுபடி தகடு அடுக்கி அடுப்புக்குள் தள்ளினார். காய்ந்த ரொட்டியைப் பிய்த்து நெய்யில் வறுத்து வைத்தார். அது ஃபத்தாவுக்கு. ரொட்டிமேல் சோறு, சோற்றின்மேல் பூண்டும் வினிகரும் தாளித்த கரைசல், எல்லாவற்றின்மேலும் அந்தப் பெரிய பானைச் சாறு, உச்சியில் இறைச்சி. எங்கள் ஆட்களுக்கு ஃபத்தா இல்லாத பண்டிகை பண்டிகையே அல்ல. அந்தச் சாறு சரியில்லை என்றால் மற்ற எதுவும் கணக்கில் வராது.

வாசனை தாங்கமுடியவில்லை. லபீப் ஐயா இரண்டு தடவை எட்டிப்பார்த்துவிட்டு, "நான் போயி பூசைக்கு மெழுகுவர்த்தி வாங்கிட்டு வரேன்" என்று தெருவுக்கு ஓடிவிட்டார்.

மத்தியானம் நிவீன் வந்தாள். எமில் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் முதலில் ராகாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். பிறகு கண்ணாடியை விரலால் தொட்டுப்பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

அடுப்படி வாசலுக்கு வந்தாள். "ரொட்டி வறுத்தாச்சு போலருக்கு" என்றாள், பானையைப் பார்த்து.

"ஆச்சும்மா. பிரயாணம் எப்படி?" என்றார் அக்கா.

"கூட்டம்."

"குழந்தைக்குப் பால் சூடு பண்ணட்டா?"

"பரவால்ல."

அப்படியே போயிற்று பேச்சு. எமில்தான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் நிவீன் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போனாள், பண்டிகைக்கு முடியை நேராக்கிக்கொள்ள. அன்றைக்கு அங்கே ஷூப்ராவின் பாதிப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள்.

அவள் போயிருந்த நேரத்தில்தான் சூரியன் இறங்கி பாங்கு சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் கதவு தட்டும் சத்தம். ஹாஜியம்மா கரண்டியோடு நின்றார். உதட்டோரத்தில் ஆப்ரிகாட் பழச் சாறு மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"வாயைக் கொப்புளிங்க மொதல்ல" என்றார் அக்கா. "இனிப்பு நாக்கோட உப்புப் பாத்தீங்கன்னா என் பானை கடலாயிரும்."

"நாள் பூரா பட்டினி கெடந்துட்டு ஒரு மொடக்கு குடிச்சது குத்தமா?"

"குத்தமில்ல. கொப்புளிங்க."

கொப்புளித்தார். சாற்றை ஊதிக் குடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி போட்டார், கிண்டினார், மறுபடி குடித்தார்.

"முடிஞ்சது. இதுக்குமேல யாரும் தொடாதீங்க. சோறு ஆறுது, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்குள் புகுந்துகொண்டார். அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். அன்று காலையிலிருந்து முதல்முறையாகத் தோளை இறக்கினார். குளித்து உடை மாற்றப் போனார். நான் மாடிக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. நிவீன் முடியை நேராக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அக்கா குளியலறையில், எமில் உள்ளறையில் குழந்தையோடு தூக்கத்தில். அடுப்படியில் யாரும் இல்லை. பானை தணலில் இருந்தது. இந்த வீட்டு வழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்: ஹாஜியம்மா வரும்வரை உப்புப் போடமாட்டார்கள். ஹாஜியம்மாவுக்கோ இப்போது நோன்பு. நோன்பு திறக்கும் நேரத்தில் புருஷன் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பார், எங்கே வரப்போகிறார்? ஆக சாற்றில் உப்பு இல்லை. இவர்களுக்கு இது தோன்றவே இல்லை போலிருக்கிறது. அப்பா முதல் வாய் எடுத்து வைத்து முகம் சுளிப்பார். குளியலறைக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? அவள் ஜாடியில் கைவிட்டு, சின்ன வயதிலிருந்து பார்த்த ஹாஜியம்மாவின் பிடி அளவுக்கே ஒரு பிடி எடுத்துப் போட்டுக் கிண்டிவிட்டாள். நற்கருணை வாங்க வேண்டியவள்; அவளும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

கோவிலில் நிற்க இடமில்லை. நாங்கள் திரும்பியபோது தெருவெல்லாம் ஆட்கள், குழந்தைகள் புதுச் செருப்பு சத்தத்தோடு ஓடினார்கள். லபீப் ஐயாவின் தம்பியும் அவர் மனைவி ஒல்காவும் எங்களோடு வந்தார்கள். கூடத்தில் மேசையை இழுத்துப் போட்டோம். அக்கா அடுப்படிக்குப் போய்ச் சாற்றைச் சூடாக்கினார். இப்போது ருசி பார்க்கத் தடையில்லை. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார்.

தட்டு எடுக்க நான் வாசலில் நின்றிருந்தேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். இன்னொரு கரண்டி எடுத்தார். வைத்துவிட்டார்.

"நிவீனைக் கூப்பிடு தம்பி."

நிவீன் வந்தாள். அக்கா கரண்டியை நீட்டினார். "குடிச்சுப் பாரும்மா."

குடித்தாள். இருமினாள்.

"ஹாஜியம்மா கை இப்படித் தப்பாது. ரெண்டு தடவை குடிச்சுப் பாத்துட்டுத்தான் போனாங்க."

"எப்ப?" என்றாள் நிவீன்.

"பாங்கு சொன்னதும் வந்தாங்க. நீ கடையில இருந்த."

நிவீன் பானையைப் பார்த்தாள், ஜாடியைப் பார்த்தாள். நேராக்கிய முடி முகத்தில் விழுந்தது, ஒதுக்கிவிடவில்லை. "அவங்க வரலேன்னு நெனச்சு நான் போட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

நிவீன் உப்பு ஜாடியை இழுத்து மூடினாள்.

"நான் மோசமா சமைப்பேன்னு நெனச்சியா?"

"இல்ல. உப்பே இல்லேன்னு நெனச்சேன்."

"சரி. கதவைத் தட்டி உப்புப் போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன? பேரு சொல்லிக் கூப்பிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். எங்க பட்டறையில சின்னப் பசங்ககூட ஹெலானான்னுதான் கூப்பிடுவாங்க."

கூடத்திலிருந்து லபீப் ஐயாவின் குரல் வந்தது. "என்னம்மா, நாங்க அடுத்த ஒருசந்தியை ஆரம்பிச்சிரட்டுமா?"

"இதோ வந்துட்டோம்!" என்று கத்திவிட்டு அக்கா பானைமேல் குனிந்தார். சாற்றில் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறையும், ருசியும் போய்விடும். உருளைக்கிழங்கு போட்டு உப்பை இழுக்க நேரமில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"ஹாஜியம்மா முழிச்சிட்டுத்தானே இருப்பாங்க?"

ரமலான் மாதத்தில் அந்த நேரத்துக்கு யார் தூங்குவார்கள்? விடியுமுன் சாப்பிடும் சஹர் வரைக்கும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஒரு பாத்திரத்தை நிவீன் கையில் கொடுத்துத் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்க்கதவைத் தட்டினார். கதவு இரண்டும் திறந்தே இருந்ததால் எல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"நாளைக்குன்னு வெச்ச எறைச்சிச் சாறு இருக்கா?"

"இருக்கு. இன்னும் உப்புப் போடல. நாளைக்கு நோன்பு திறந்துதான் போடுவேன்."

"அதான் வேணும். பாதி குடுங்க."

"ஏன், என் உப்புல என்ன குறை?"

"உங்க உப்புல ஒண்ணுமில்ல. நான் மறந்துபோயி இன்னொரு தடவை போட்டுட்டேன்."

அப்புறம் நிவீனின் குரல். "அவங்க போடல ஹாஜியம்மா. நான் போட்டேன்."

"நீயா? வந்தவுடனே ஆரம்பிச்சிட்டியா? உங்கம்மாகூட என் உப்புல கை வெச்சதில்லடி. பாத்திரத்தை நேராப் புடி, கொட்டுது. ஏ ஹெலானா, இதுக்குப் பதிலா நாளைக்கு ஒரு வாத்துத் தொடை வரணும்."

"ரெண்டு அனுப்புறேன்."

பெரிய பானையில் பாதியை வெளியே ஊற்றிவிட்டு, எதிர்வீட்டுச் சாற்றைக் கலந்து ஒரு கொதி விட்டார்கள். அக்கா குடித்துப் பார்த்தார். நிவீனிடம் நீட்டினார். அவள் குடித்துவிட்டுத் தலையாட்டினாள். ஃபத்தா மேசைக்கு வந்தது. அதன்பின் வாத்து, ருகாக், குடல், கீரைக் குழம்பு என்று வந்துகொண்டே இருந்தது. முதல் கால்மணி நேரம் யாரும் பேசவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் நெய் உள்ளே போகும்போது பேசுகிறவன் எங்கள் ஆள் அல்ல.

வயிறு கொஞ்சம் நிறைந்ததும் ஒல்கா கரண்டியை வைத்தார். அவர் யாரையும் நேராகக் குத்தமாட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ராகா கைப்பக்குவம் தனி. அது வேற மாதிரி. இல்லையா நிவீன்? உனக்குத் தெரியுமே."

லபீப் ஐயா சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எமில் தண்ணீர் குடித்தான். அக்கா எழுந்து, தேவையே இல்லாமல், இன்னும் கொஞ்சம் ரொட்டி எடுக்கப் போனார்.

"எங்கம்மா கைப்பக்குவம் தனிதான் சித்தி" என்றாள் நிவீன் ஒல்காவிடம். "ஆனா இதுல குறை சொல்றதா இருந்தா என்னைச் சொல்லுங்க. எல்லாம் முடிச்சு வெச்சிருந்தாங்க, நான்தான் ரெண்டாவது தடவை உப்பை அள்ளிப் போட்டேன். பாதிச் சாறு ஹாஜியம்மா வீட்டுது."

"அப்படியா?" என்றார் லபீப் ஐயா. முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது. "எதிர்வீட்டு நோன்புச் சாறா நாம தின்னுட்டு இருக்கோம்? அதான் சாப்பிடச் சாப்பிடப் பசிக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒல்காவும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. அக்கா ரொட்டியோடு வந்து உட்கார்ந்தார். நிவீன் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "இந்த ருகாக்ல கொஞ்சம் வெச்சுக்கங்க, நீங்க ஒண்ணுமே சாப்பிடல" என்றாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த நாள் பகலில் ஊருக்குக் கிளம்பும்போது படியில் வைத்து அப்பாவிடம் நிவீன் பேசியது எனக்குக் கேட்டது. "ஈஸ்டருக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துருங்க. சமையலை நான் பாத்துக்குறேன். முடியலேன்னா அவங்க பாத்துக்கட்டும்."

"அவங்கன்னா?"

"ஹெலானாதான். வேற யாரு?"

லபீப் ஐயா மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார். நான் கல்யாணம் முடித்து, பெனிசுவேஃபுக்கு மாற்றலாகிப் போய்விட்டேன். ஹெலானா அக்கா ஷூப்ராவில் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். பள்ளி திறக்கும் மாதங்களில் தெருப்பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார், இப்போது முழுச் சட்டை. ஈஸ்டருக்கு அவர் தாந்தாவுக்குப் போகிறார். கிறிஸ்துமஸுக்கு நிவீனும் எமிலும் இரண்டு குழந்தைகளோடு அவர் வீட்டுக்கு வருகிறார்கள்.